கண்டக்டர் மருதையின் பல் பிரஷ்

இது சத்தியமாக நடந்தது, ஒரு சொல் பொய் கிடையாது: கண்டக்டர் மருதை தன் பல் பிரஷைத் தூக்கிச் சூரியனுக்குக் காட்டினால்தான் எங்கள் தீவின் குட்லண்ட்ஸ் ஊரில் பொழுது விடியும். சரி, அவர் காட்டாவிட்டாலும் விடியும். கொஞ்சம் நீட்டிவிட்டேன். நீட்டாமல் சொன்னால் எங்கள் பஸ் நிறுத்தத்தில் யாரும் காது கொடுப்பதில்லை. எது நீட்டினது, எது நீட்டாதது என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கே சில சமயம் மறந்துபோகிறது.

ஆனால் பிரஷைச் சூரியனுக்குக் காட்டுவது உண்மை. முதல் பஸ் கிளம்புவதற்கு முன்னால், பல் விளக்கி முடித்து, பிரஷைக் கட்டை விரல் நகத்தில் தட்டி, உதறி, கிழக்கே திரும்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முடிகளுக்கு நடுவே பார்ப்பார். குழந்தைக்குப் பேன் பார்க்கிற தாய்கூட அவ்வளவு கவனமாகப் பார்க்க மாட்டாள். பிறகு அது ஒரு மூங்கில் குழாய்க்குள் போகும். குழாய்க்கு மூடி, ரம் புட்டியின் தக்கை. குழாய் அவருடைய தோல் பைக்குள் போகும். மற்ற கண்டக்டர்களின் பையில் டிக்கெட்டும் சில்லறையும் இருக்கும். மருதையின் பையில் பிரஷ் குடியிருக்கும்; டிக்கெட்டும் சில்லறையும் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆள் ஒல்லி. காக்கிக் கோட்டுக்குள் இன்னொரு மருதை தாராளமாக நுழையலாம். ஆனால் பல் இருக்கிறதே, அவர் சிரித்தால் எதிரே வருகிற கரும்பு லாரிக்காரன் தன் விளக்கை அணைத்துவிடுவான். பஸ்ஸில் அவர் வாய் மூடி நான் பார்த்ததில்லை. "அலே, அலே, உள்ள போங்க! வாசல்ல வாழைத்தார் மாதிரி தொங்காதீங்க! மாதாம், உங்க கோழிக்கும் எடம் இருக்கு, பயப்படாதீங்க!" என்று போர்லூயி வரை ஓயாத சத்தம்.

சத்தத்துக்கு நடுவே அவர் கண் பயணிகளின் வாயிலேயே இருக்கும். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்பார். நாம் வாயைத் திறப்போம். அவ்வளவுதான், உள்ளே பார்த்துவிடுவார். "பாம்ப்ளமூஸ்" என்று சொல்கிறவர்கள் வாயை அகலமாகத் திறந்து மாட்டிக்கொள்வார்கள். "தேர் ரூஜ்" என்கிறவர்கள் உதட்டைக் குவித்தே தப்பித்துவிடுவார்கள். ஒருமுறை என்னிடம் டிக்கெட்டைக் கொடுத்துக்கொண்டே காதோரம் குனிந்து, "தம்பி, மேல வரிசையில வலது பக்கம் கடைசியில ஒருத்தர் குடிசை போட்டுத் தங்கியிருக்காரு. காலி பண்ணச் சொல்லு" என்றார். மறுநாளே நான் போய் ஒரு பிரஷ் வாங்கினேன்.

மருதை பிரஷ் வாங்கப் போவது பெண் பார்க்கப் போவது போல. ரோஜேயின் கடைக்குத்தான் போவார். ரோஜே சீனர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர். அவர் கடையில் கருவாடு முதல் கற்பூரம் வரை எல்லாம் கிடைக்கும். கண்ணாடி ஜாடியில் இருக்கிற அத்தனை பிரஷையும் மருதை மேசையில் கொட்டச் சொல்வார். ஒவ்வொன்றையும் புறங்கையில் அழுத்திப் பார்ப்பார். முழங்கை மடிப்பில் தேய்த்துப் பார்ப்பார். காதோரம் வைத்து நகத்தால் முடியைச் சுண்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். "நல்ல பிரஷ்ஷு பேசணும். ஊமை பிரஷ்ஷு எதுக்கு?" ஒருமுறை ரோஜேயின் பூனை மேல் ஒன்றைத் தேய்த்துப் பார்த்தார். பூனைக்குப் பிடித்துப்போய் அவர் பின்னாலேயே பஸ் ஏறிவிட்டது. (இங்கே கொஞ்சம் நீட்டல்.)

வாங்கின பிரஷை அவர் வளர்க்கிற விதமே தனி. சனிக்கிழமை அதற்கு உப்புத் தண்ணீர்க் குளியல். வீட்டில் இருக்கும்போது, அடியில் ஓட்டை போட்ட பால் டின்னுக்குள், பல்லி எட்டாத கம்பியில் தொங்கும். கரோல் புயல் வந்தபோது கூரை போயிற்று, கோழிக்கூண்டு போயிற்று, பக்கத்து வீட்டுச் சமையலறை இவர் தோட்டத்தில் வந்து உட்கார்ந்தது. காற்று ஓய்ந்து எல்லோரும் வெளியே வந்து பார்த்தால், மருதை ஒரு கையில் பெண்டாட்டியையும் ஒரு கையில் பால் டின்னையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எதை முதலில் பிடித்தார் என்பதில் இன்றுவரை அந்த வீட்டில் தகராறு.

பிரஷ் முடி வளைந்து கும்பிடு போட ஆரம்பித்தால் அதற்கு வேலையில் ஓய்வு. ஆனால் தூக்கி எறிய மாட்டார். ஒன்று விளக்குத் துடைக்கும், ஒன்று சைக்கிள் செயின் தேய்க்கும், ஒன்று கோழிக் காலுக்கு மருந்து தடவும். "எங்க வீட்டுல பென்ஷன் வாங்குற பிரஷ்ஷுதான் ஜாஸ்தி" என்பாள் அவர் மனைவி பூங்காவனம். அவள் பிரஷைத் தொட்டதே இல்லை. அடுப்புக் கரியும் உப்பும்தான் அவளுக்கு. "பல்லுக்கு எதுக்குங்க வாலு?" என்று கேட்டு அவரை அடிக்கடி அழ வைப்பாள்.

இந்த மருதை ஒரு தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க முடியாமல் நின்ற கதையைத்தான் போன வாரம் நிறுத்தத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் வழக்கம்போல் தாமதம். கீரைக் கூடையோடு தெய்வானை அக்கா, தையல்காரர் ராஜன், மெக்கானிக் லுசியான் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லுசியானுக்குப் பெயர் பிரெஞ்சு, சாமி மாதா, மூக்கு மட்டும் எங்கள் மூக்கு.

புயலுக்குப் பிறகு வந்த காய்ச்சலில் பூங்காவனம் படுத்துவிட்டாள். எந்த மருந்துக்கும் காய்ச்சல் இறங்கவில்லை. வைத்தியம் பார்த்தவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மருதை சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று, "முருகா, இவ எழுந்து என்னைத் திட்டட்டும். தைப்பூசத்துக்கு நாக்குல வேல் குத்திக் காவடி எடுக்குறேன்" என்று வேண்டிக்கொண்டார். பூங்காவனம் எழுந்தாள். எழுந்ததும் முதல் வேலையாக, "வீடா இது, பஸ் ஸ்டாண்டா?" என்று திட்டினாள். முருகன் சொன்னபடி செய்துவிட்டார். இனி மருதையின் முறை.

கோயிலில் கொடி ஏறியது. மருதை விரதம் இருந்தார். வாழையிலையில் ஒரு வேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் பாய். மீன் வாசனைகூடப் படக் கூடாது என்று, கருவாட்டுக் கூடையோடு ஏறின பெண்ணுக்கு ஓடுகிற பஸ்ஸின் வெளியே தொங்கிக்கொண்டு ஜன்னல் வழியாக டிக்கெட் கொடுத்தார். காவடியைத் தன் கையாலேயே கட்டினார். குருத்தோலை, மயிலிறகு, எலுமிச்சம்பழம் எல்லாம் தயார்.

அப்போதுதான் பிரஷிலிருந்து ஒரு முடி உதிர்ந்தது.

அது ரோஜேயின் ஜாடியிலேயே உயர்ந்த பிரஷ். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. உதிர்ந்த முடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு மருதை கடைக்குப் போனார். அங்கே கோபாலன் மாமா கற்பூரம் வாங்கிக்கொண்டிருந்தார். கோபாலன் கோயில் சங்கத் தலைவர். கரும்புத் தோட்டத்தில் கூலிகளை மேய்க்கிற சர்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர அதட்டலிலிருந்து ஓய்வு பெறவில்லை. அவரும் அந்த வருஷம் நாக்கில் வேல் குத்திக் காவடி எடுப்பதாக இருந்தார். பேத்திக்குக் கால் சூம்பி நடக்க வரவில்லை, அவளுக்காக நேர்ந்திருந்தார்.

"ரோஜே, இது என்ன பிரஷ்ஷு? நைலோன் மாதிரி உதிருது" என்று மருதை காகிதத்தைப் பிரித்தார்.

ரோஜேக்கு ரோஷம் வந்துவிட்டது. தீவுப் பாஷையான கிரியோலில் பொரிந்து தள்ளினார். நான் நம் பேச்சில் சொல்கிறேன். "நைலோனா? மிஸ்யே மருதை, நைலோன் மீன் புடிக்கிற நரம்பு! இது எங்க சீனாவுல, பனி கொட்டுற ஊர்ல வளர்ற கறுப்புப் பன்னி! முதுகு முடி! அதுலயும் குளிர்காலத்து முடி! ப்வால் கோசோன், ப்ரெம்யே காலிதே!" யாருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது என்று மூக்கால் ஒருமுறை உறுமியும் காட்டினார்.

கடை அப்படியே நின்றுவிட்டது. தராசு முள்கூட ஆடவில்லை.

"கோசோனா? பன்னியா?" என்று மருதை கேட்டார். பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கிற அந்தக் குரல், ரோஜேயின் மேசையைத் தாண்டவில்லை.

"வீ, வீ!" என்றார் ரோஜே பெருமையாக. "ஒரு முடி உதிர்ந்ததுக்கு இப்படி முகம் வாடணுமா? இந்தாங்க, சும்மாவே இன்னொண்ணு தரேன். அதே பன்னி!"

கோபாலன் கையிலிருந்த கற்பூரப் பொட்டலம் கீழே விழுந்தது. பிறகு அவர் போட்ட சத்தம் பாம்ப்ளமூஸ் தோட்டத்துக் குளத்துத் தாமரையை மூட வைத்திருக்கும். "விரத வாயில பன்னியா? அந்த வாயில வேல் குத்துறதா? மருதை, இந்த வருஷம் உனக்குக் காவடி கெடையாது! கோயில் வாசல மிதிக்காத!"

மருதை கடைக்குப் பின்னால் போய் வாய் கொப்பளித்தார். எலுமிச்சம்பழம், உப்பு, மஞ்சள், எல்லாம் போட்டுத் தேய்த்ததில் உதடு வீங்கிவிட்டது. கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிற மனிதர், கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

இந்த இடத்தில் லுசியானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பன்னி ஒண்ணுதான். எங்களுக்குக் கறி, உங்களுக்கு பிரஷ்ஷு!"

"சும்மா இருடா, பாவம் அந்த மனுசன்" என்றார் தெய்வானை அக்கா.

"ஆனா லுசியான், அந்த ஜாடியிலேருந்து அதே பிரஷ்ஷு இன்னொண்ணும் வித்துப்போயிருந்துச்சு. இந்த ஊர்லயே ஒருத்தரு வீட்டுல இருந்துச்சு" என்று நான் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. ராஜன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் கோபாலன் மாமாவின் மருமகன். ஆனால் உங்களுக்குச் சொல்வதில் என்ன? அந்தப் பிரஷ் கோபாலன் மாமாவுடையதுதான். இந்த வயதில் பிரஷ் வாங்குகிறார் என்று ஊர் சிரிக்குமே என்று, மருதையிடம் ரகசியமாகச் சொல்லி வாங்கி வரச் செய்திருந்தார். மருதைதான் ஜாடியைக் கொட்டி, காதில் வைத்துக் கேட்டு, ஒரே மாதிரி இரண்டு பொறுக்கினார். ஒன்று தன் மூங்கில் குழாய்க்கு. ஒன்றைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, பஸ் படியில் கோபாலன் மாமாவின் குடைக்குள் போட்டுவிட்டார். விஷயம் மருதைக்குத் தெரியும், பூங்காவனத்துக்குத் தெரியும். பிறகு குழாயடிக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் மருதை வீட்டில் நடந்த பேச்சைப் பூங்காவனமே சொல்லியிருக்கிறாள். இதையும் நிறுத்தத்தில் நான் சொல்லவில்லை.

"நீங்க போய்ச் சொல்லுங்க. 'மாமா, உங்க வாயிலயும் அதே பன்னிதான்'னு சொல்லுங்க. ரெண்டு பேரையும் விட்டா விடட்டும், நிறுத்தினா ரெண்டு பேரையும் நிறுத்தட்டும்."

"நிறுத்திட்டா? அந்தப் புள்ள காலுக்காக நேந்திருக்காரு பூங்காவனம். ஊரு ஊரா சொல்லியிருக்காரு."

"நீங்க என் உசிருக்காக நேந்தீங்க. அது நின்னுபோனா யாருக்கு வரும்? எனக்குத்தான வரும்?"

மருதை மூங்கில் குழாயின் தக்கையைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுல ஊரான் வீட்டு மாமியா மருமக சண்டையெல்லாம் தேர் ரூஜ் வரைக்கும் கத்துறீங்க. இதுக்கு மட்டும் வாயில பூட்டா?"

"அவரு என்னை நம்பித்தான வாங்கச் சொன்னாரு? நான்தான பொறுக்கிக் குடுத்தேன்? அவரு வாயில பன்னிய வச்சதே நான்தான்" என்றார் மருதை. பிறகு எழுந்து போய், இருட்டு முற்றத்தில் நின்று, விரலால் பல் விளக்கினார். பூங்காவனத்துக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லையாம். புயலில் கூரை போனபோதுகூட அந்த மனுசன் அப்படி நிற்கவில்லை என்றாள்.

தைப்பூசத்தன்று காலை கடலோரத்தில் ஊரே கூடியிருந்தது. காவடிக்காரர்கள் கடலில் முழுகி எழுந்து வரிசையாக நின்றார்கள். பூசாரி வேல்களை எலுமிச்சம்பழத்தில் குத்தி வைத்திருந்தார். மருதை கட்டின காவடி மட்டும் ஆளில்லாமல் ஒரு சவுக்கு மரத்தில் சாய்ந்திருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தது யார் என்று எல்லோரும் விழித்தபோது, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, தலையிலிருந்து கடல் தண்ணீர் சொட்டச் சொட்டப் பூங்காவனம் வந்து அதில் கை வைத்தாள். மருதை கூட்டத்தின் ஓரத்தில் நின்றவர், "ஏய்" என்று ஓரடி எடுத்து வைத்து நின்றுவிட்டார்.

"என்னம்மா பண்ற? அது நிறுத்தின காவடி" என்றார் கோபாலன்.

"நிறுத்துனது இவரத்தான மாமா? காவடி என்ன தப்பு பண்ணுச்சு? நேந்தது என் உசிருக்கு. உசிரு இதோ நிக்குது. நானே தூக்குறேன்."

"படுத்துக் கெடந்து எழுந்தவ நீ. வெயில்ல விழுந்துடுவ."

"விழுந்தா எழுப்பி விடுறது முருகன் வேலை. ஒரு தடவ எழுப்பி விட்டவருக்கு வழி தெரியாதா?"

"விரதம்?"

"இவரு விரதச் சோறு யாரு ஆக்குனது? நானும்தான் இருந்தேன். என் வாயில வெறும் கரிதான் மாமா. பாத்துக்கங்க." பூங்காவனம் வாயை அகலமாகத் திறந்து பூசாரியிடம் காட்டினாள். பக்கத்தில் நின்றவருக்குக் காட்டினாள். வரிசை முழுக்கக் காட்டிக்கொண்டே போய்க் கோபாலன் முன்னால் நின்றாள். "நான் காட்டிட்டேன். இனிமே இங்க நிக்கிற ஒவ்வொருத்தரும் வாயத் தொறந்து..."

மருதை அவளைப் பார்த்தார். அதட்டவில்லை, தலைகூட அசைக்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

பூங்காவனம் வாயை மூடிக்கொண்டாள்.

"அம்மா எடுக்கலாம்" என்றார் பூசாரி. சின்ன வெள்ளி வேலை அவள் நாக்கில் குத்தினார். அவள் கண் இமைக்கவில்லை. அடுத்தது கோபாலன் முறை.

"நீட்டுங்க ஐயா."

கோபாலன் நாக்கு வெளியே வரவில்லை. கூட்டம் "அரோகரா" என்றது. உடுக்கை முழங்கியது. அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். தோட்டத்தில் ஆயிரம் பேரை அதட்டின வாய் அது. பூசாரி மறுபடி சொன்னார். மறுபடியும் வரவில்லை. ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அப்போது மருதை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வந்து, கோபாலன் பக்கத்தில் நின்று, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். நான் ஒட்டினாற்போல் நின்றதால் எனக்கும் கேட்டது. "நீட்டுங்க மாமா. புள்ள பாத்துக்கிட்டிருக்கு."

ராஜன் தோளில் பேத்தி உட்கார்ந்திருந்தாள். கோபாலன் அவளைப் பார்த்தார், மருதையைப் பார்த்தார். நாக்கை நீட்டினார். வேல் தொடுவதற்கு முன்பே அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதை நான் நீட்டவில்லை.

ஊர்வலம் கிளம்பியது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே கரும்பு. காற்று வர வழியில்லை. தார் ரோடு தோசைக்கல் மாதிரி காய்ந்தது. மருதை ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு பூங்காவனத்துக்கு முன்னால் ஓடி ஓடி, அவள் கால் வைக்கிற இடத்திலெல்லாம் தண்ணீர் ஊற்றினார். வழியில் இருந்த குழாய்களில் எல்லாம் அன்று தண்ணீர் நின்றுபோனது. கோயிலுக்குப் பாதி வழியில் பூங்காவனம் தள்ளாடினாள். காவடி ஒரு பக்கம் சாய்ந்தது. அதில் கட்டியிருந்த பால் சொம்பு ஆடியது. மருதை வாளியைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். காவடிக்கு ஒரு விரல் தூரத்தில் கை நின்றது. நிறுத்தி வைத்த ஆள், அவர் தொடக் கூடாது. தொட்டால் அவள் நடந்தது அத்தனையும் வீண். நீட்டின கையை மடக்கவும் தெரியாமல், தொடவும் முடியாமல் அந்த மனிதர் பின்பக்கமாகவே நடந்தார்.

கோபாலனுக்கு வாயில் வேல், பேச முடியாது. அவர் வரிசையை விட்டு விலகினார். வெயில் விழுகிற பக்கமாகப் போய்ப் பூங்காவனத்தை ஒட்டி நடந்தார். ஊரிலேயே உயரமான காவடி அவருடையது. அதன் நிழல் முழுக்க அவள் மேல் விழுந்தது. அவள் எவ்வளவு மெதுவாக நடந்தாளோ, அவரும் அவ்வளவு மெதுவாக நடந்தார். அப்படியே இரண்டு பேரும் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வேண்டுதல் நிறைவேறியது. பூங்காவனம் இன்றைக்கும் நன்றாகத் திட்டுகிறாள். கோபாலன் மாமா அந்தத் தைப்பூசம் முடிந்த மறுநாளே மருதையைக் கூப்பிட்டுக் கோயில் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. மருதை நைலோனுக்கு மாறிவிட்டார். அது அவ்வளவாகப் பேசாதாம், இருந்தாலும் பரவாயில்லையாம். ரோஜேதான் பாவம், பயந்துபோய், இப்போதெல்லாம் எதை வாங்கினாலும் குலம் கோத்திரம் சொல்லித்தான் கொடுக்கிறார். சோப்பு கேட்டால், "இதுல பன்னி கெடையாது. மாட்டுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல. ஆடு இருந்தா நான் பொறுப்பு இல்ல" என்கிறார்.

"பாலு?" என்றான் லுசியான். "காவடிப் பாலு திரியக் கூடாதுன்னு சொல்வீங்களே. சுத்தமில்லாத கையில திரிஞ்சுடுமாமே. என்ன ஆச்சு?"

"பூங்காவனம் சொம்பத் தொறந்தாங்க. அப்பதான் கறந்த பாலு மாதிரி நுரை கட்டியிருந்துச்சு" என்றேன். நுரை கட்டியிருக்கவில்லை, ஆனால் பால் நன்றாகத்தான் இருந்தது.

"எங்க மாமனார் பாலும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் ராஜன்.

தெய்வானை அக்கா கூடையை இறக்கி வைத்தார். "உங்க மாமனார் பாலா? மூடிய முழுசாத் தொறக்காம சாய்ச்சு ஊத்துனாரே, அதையா சொல்றீங்க? நான் கிட்டத்துல நின்னேன் ராஜன். கட்டி கட்டியா விழுந்துச்சு."

"அக்கா, வார்த்தைய அளந்து பேசுங்க."

"நான் ஏன் அளக்கணும்? பன்னி முடி போட்டு வெளக்கின வாயி, பாலு திரியாம பாயசமா ஆகும்?"

"யாரு வாயி? எந்தப் பன்னி?" ராஜன் எழுந்துவிட்டார்.

"அட! ரெண்டாவது பிரஷ்ஷு அவருதா?" லுசியான் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தான்.

"பொய்! பச்சைப் பொய்! எம்மவ இன்னிக்கு நடக்குறா! பாலு திரிஞ்சிருந்தா எம்மவ நடப்பாளா?"

"அது பூங்காவனம் எடுத்த காவடிக்கு வந்த பலன்! அவ நடந்த நடைக்கு ஊருல மொடமா இருக்கிற கழுதைகூட நடக்கும்!"

"எம்மவளையா கழுதைன்னீங்க?"

"கழுதையத்தான் கழுதைன்னேன்!"

ராஜன் கூடையை எட்டித் தள்ள, கீரை ரோட்டில் பரவியது. தெய்வானை அக்கா ஒரு முள்ளங்கியை எடுத்துக்கொண்டு ராஜனைச் சுற்ற, லுசியான் நடுவில் போய் முள்ளங்கி அடியை அவன் வாங்கிக்கொண்டான். "நான் மாதா கோயில், என்னை ஏன் அடிக்கிறீங்க!" என்று கத்தினான். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யாரும் யார் பேச்சையும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் வந்து நின்றது. படியில் மருதை.

"அலே, அலே, ஏறுங்க! சண்டைக்கும் எடம் இருக்கு, கீரைக்கும்..."

ராஜன் ஓடிப்போய் அவர் கோட்டைப் பிடித்தார். "மருதை அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் ஒத்துக்கிறேன். எங்க மாமனாருக்கு நீங்க அந்தப் பிரஷ்ஷ வாங்கிக் குடுத்தீங்களா, இல்லியா?"

முள்ளங்கி மேலேயே நின்றது. பஸ்ஸுக்குள் இருந்த தலைகள் எல்லாம் ஜன்னலுக்கு வந்தன. மருதை திறந்த வாயோடு ராஜனைப் பார்த்தார், தெய்வானை அக்காவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, குறுக்காகப் பல்லில் கடித்துக்கொண்டு, டிக்கெட்டுக்குக் கையை நீட்டினார்.